ஒரு சோறு பதம் ஆகாது

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற 50-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வண்டி ஓட்டினால், செம்பனை, மறுபடியும் செம்பனை, அதன் பிறகு காஹாங். வரிசைக் கடைகள், ஒரு பெட்ரோல் நிலையம், நாசி லெமாக் விற்கும் ஒட்டுக்கடைகள். பட்டணம் என்று சொல்லத் தொடங்குவதற்குள் தாண்டிவிடலாம். ஆனால் வடக்கே ஒரு மண் சாலை பிரிகிறது. அது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் போய், ஜக்குன் மக்கள் வாழும் கம்போங் பெத்தாவில் முடியும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்கு ஜொகூர்ப் பக்கத்து வாசல்களில் ஒன்று அது.

காட்டுக்கு வாசல் இருந்தால் அது இரண்டு பக்கமும் திறக்கும். நாம் உள்ளே போவது போல யானை வெளியே வரும். புதிதாக நட்ட செம்பனைக் கன்றின் குருத்து யானைக்கு நமக்குப் பலாச்சுளை மாதிரி. ஒரே இரவில் நூறு கன்று போனது என்று தோட்டத்தில் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. முதலில் தகரம் தட்டுவார்கள், பட்டாசு வெடிப்பார்கள், மின்வேலி போடுவார்கள். ஒன்றுக்கும் மசியாத யானை என்றால் பெர்ஹிலித்தானுக்குத் தகவல் போகும். வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் மலாய்ச் சுருக்கப் பெயர் அது. அந்தத் துறை 1974 முதல் தோட்டங்களில் நுழையும் யானைகளைப் பிடித்து, தாமான் நெகாரா போன்ற பெருங்காடுகளில் கொண்டுபோய் விட்டுவருகிறது. பிடிக்கப் போகிறவர்கள் கையில் ஒரு துப்பாக்கி இருக்கும். அதிலிருந்து புறப்படுவது மயக்க மருந்து நிரப்பிய ஊசி. துப்பாக்கியின் மேல் ஒரு குட்டித் தொலைநோக்கி, ‘ஸ்கோப்’, பொருத்தியிருக்கும்.

இந்த அத்தியாயம் அந்த ஸ்கோப்பைப் பற்றியது. மலேசியாவில் துப்பாக்கி என்றாலே நாம் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதற்கு மேல் 1971-இல் வந்த கடும் தண்டனைச் சட்டமும் அப்படி. ஆகவே நம்மில் பெரும்பாலோர் ஸ்கோப் வழியாகப் பார்த்தது சினிமாவில் மட்டும்தான். அந்தச் சினிமாதான் ஒரு பெரிய பொய்யையும் நம் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறது: சிலுவைக் கோடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் குண்டு போகும் என்ற பொய்.

ஸ்கோப்புக்குக் குண்டைப் பற்றி எதுவும் தெரியாது. அது ஒரு கண்ணாடிக் குழாய். துப்பாக்கிக் குழலுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளித் திருகாணியால் இறுக்கப்பட்ட ஒரு விருந்தாளி. அது காட்டுவது ஒளியின் பாதையை, அதாவது ஒரு நேர்கோட்டை. குண்டின் பாதையோ வளைகோடு. குழலை விட்ட கணத்திலிருந்து அது விழுந்துகொண்டே இருக்கிறது. நேர்கோட்டையும் வளைகோட்டையும் ஏதாவது ஓர் இடத்தில் சந்திக்க வைப்பதற்குப் பெயர்தான் ‘ஜீரோ பண்ணுவது’. அந்த ஜீரோ துப்பாக்கியின் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது ஓர் ஒப்பந்தம். இந்தத் தூரத்துக்கு, இந்தத் தோட்டாவுக்கு, இந்தக் காற்றுக்கு என்று நிபந்தனை போட்டு எழுதிக்கொண்ட ஒப்பந்தம். நிபந்தனை மாறினால் செல்லாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லாஸ்டிக் உண்டிவில்லில் கல்லை வைத்து ரம்புத்தான் கொத்தைப் பார்த்து அடிக்கிற பையன் கொத்தைக் குறிவைப்பதில்லை, அதற்கு ஒரு சாண் மேலே குறிவைக்கிறான். தூரத்து மரம் என்றால் இரண்டு சாண். அவன் உடம்புக்குள்ளேயே ஒரு ஜீரோ இருக்கிறது. ஸ்கோப் செய்வது அந்த ஒரு சாணை ஒரு திருகாணிக்குள் அடைத்து வைப்பது.

அந்தத் திருகாணிக்கு முன்பே சிலுவைக் கோடு வந்துவிட்டது. அது தற்செயலாக வந்தது. கலிலியோ வானத்தைப் பார்த்த தொலைநோக்கிக்குள் எந்தக் கோட்டையும் வைக்க முடியாது. அதன் கண்வில்லை குழிவில்லை என்பதால் குழாய்க்குள் எங்கேயும் பிம்பம் உருவாவதில்லை. 1611-இல் கெப்ளர் இரண்டு பக்கமும் குவிவில்லை வைத்த தொலைநோக்கியை எழுதிக் காட்டினார். அதில் படம் தலைகீழாகத் தெரியும், ஆனால் குழாய்க்குள் ஓரிடத்தில் நிஜமான பிம்பம் ஒன்று காற்றில் நிற்கும். அந்த இடத்தில் எதை வைத்தாலும் அது தூரத்துக் காட்சியோடு சேர்ந்து துல்லியமாகத் தெரியும். சுமார் 1640-இல் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞர் திறந்து கிடந்த தன் தொலைநோக்கியைப் பார்த்தபோது, சரியாக அந்த இடத்தில் ஒரு சிலந்தி நூல் இழுத்திருந்தது. நூலும் தெரிந்தது, தூரத்துப் பொருளும் தெரிந்தது. குறுக்குக் கோடு பிறந்த கதை இதுதான். காஸ்காயின் சில ஆண்டுகளில், 1644-இல், உள்நாட்டுப் போரில் மார்ஸ்டன் மூர் களத்தில் இறந்துபோனார். சிலந்தி நூலை மட்டும் அதன் பிறகு முந்நூறு ஆண்டுகள் கருவிகளில் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் சிலந்திகளை வளர்த்து நூல் எடுத்திருக்கிறார்கள்.

தமிழ் மண்ணில் இந்தச் சிலுவைக் கோடு துப்பாக்கிக்கு முன்பு நில அளவையில் புகழ் பெற்றது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையின் உயிர், சிலுவைக் கோட்டுத் தொலைநோக்கியால் கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி. 1808-இல் தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, வட்டு நசுங்கிப்போனது. லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆறு வாரம் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வட்டை நேராக்கினார் என்பது வரலாறு. ஒருமுறை அடிபட்ட கருவி சொல்வதை, சோதிக்காமல் இனி நம்பக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காஹாங் மண் சாலையில் இது திரும்ப வரும்.

இப்போது ஸ்கோப்பின் வயிற்றைத் திறப்போம். முன்வில்லை தலைகீழ்ப் பிம்பத்தை உண்டாக்கும். நடுவில் இன்னொரு சின்னக் குழாய், அதற்குள் சிலுவைக் கோடும் படத்தை நிமிர்த்துகிற வில்லைகளும். இந்த உள்குழாய் ஒரு முனையில் கீல் போலப் பிடிக்கப்பட்டு, மறுமுனையில் இரண்டு திருகாணிகளுக்கும் ஒரு வில்சுருளுக்கும் நடுவில் மிதக்கிறது. மேலே தெரிகிற குமிழைத் திருப்பினால் ஒரு திருகாணி உள்குழாயைக் கீழே அழுத்தும். பக்கத்துக் குமிழ் இடவலமாகத் தள்ளும். எதிர்ப்பக்கம் வில்சுருள் முட்டுக்கொடுத்து நிற்கும். ஒவ்வொரு சிறு திருப்பத்துக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதுதான் ‘கிளிக்’.

ஒரு கிளிக் எவ்வளவு? இதற்குப் பஞ்சாங்கத்தை எடுக்கலாம். கிரக நிலையைப் பாகை, கலை, விகலை என்று போட்டிருப்பார்கள். வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை. ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் ‘மினிட்’ என்று சொல்வது நம் ஜோதிடரின் கலையேதான். ஒரு கலை விரிந்தால் 100 மீட்டர் தூரத்தில் 2.9 சென்டிமீட்டர். பல ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் கால் கலை, 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். இன்னொரு வகை ஸ்கோப்பில் கணக்கு ‘மில்’. ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிலும் பத்தில் ஒன்று ஒரு கிளிக். 100 மீட்டரில் சரியாக ஒரு சென்டிமீட்டர். மனக்கணக்குப் போடுகிறவர்களுக்கு மில்தான் தோது. கலைதான் பழக்கம் என்று அடம் பிடிக்கிறவர்களும் உண்டு, இன்னும் ‘காத்தி’ எடையை விடாத சந்தைக்காரர்கள் போல.

குண்டு குறிக்கு 6 சென்டிமீட்டர் கீழே பட்டது என்று வைத்துக்கொள்வோம். மில் ஸ்கோப்பில் 100 மீட்டரில் ஆறு கிளிக். அதே 6 சென்டிமீட்டர் பிழை 25 மீட்டரில் வந்திருந்தால் 24 கிளிக். கோணம் வேறு, நீளம் வேறு. புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

அடுத்த தடுக்கல் திசை. குண்டு மேலே வர வேண்டுமென்றால் சிலுவை கீழே போக வேண்டும். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். துப்பாக்கியை மணல் மூட்டைகளில் அசையாமல் அழுத்தி வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிலுவை குறியின் நடுவில் நிற்கிறது, ஓட்டையோ கீழே இருக்கிறது. துப்பாக்கியைத் தொடாமல் குமிழை மட்டும் திருப்பிச் சிலுவையை அந்த ஓட்டையின் மேல் இறக்குங்கள். முடிந்தது. ‘நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே நீ போ’ என்று குண்டிடம் சொல்ல நமக்கு வழி இல்லை. ‘நீ எங்கே போகிறாயோ அங்கே நான் பார்க்கிறேன்’ என்று சொல்லத்தான் இந்தக் குமிழ். அடுத்த முறை சிலுவையைக் குறிக்கு ஏற்றும்போது குழலும் கூடவே நிமிரும். தயாரிப்பாளர்கள் நம்மைக் குழப்ப வேண்டாமென்று குமிழில் ‘மேல்’ என்று குண்டின் திசையைத்தான் எழுதியிருப்பார்கள். ஒழுங்காக அதைப் பின்பற்றினால் போதும்.

இதுவரை சொன்னது இயந்திரம். இனிமேல்தான் உண்மையான சிக்கல்: அந்த ஓட்டையை நம்பலாமா?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று வளர்ந்தவர்கள் நாம். அரிசி ஒரே தண்ணீரில் ஒரே சூட்டில் சேர்ந்து வெந்ததால், ஒரு பருக்கை மற்ற எல்லாப் பருக்கைக்கும் சாட்சி சொல்ல முடிகிறது. துப்பாக்கி அப்படிச் சமைப்பதில்லை. அசையாமல் பூட்டி வைத்துச் சுட்டாலும் குண்டுகள் ஒரே ஓட்டையில் போகா. ஒவ்வொன்றின் எடையிலும், மருந்தின் அளவிலும், குழலின் அதிர்விலும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு உண்டு. பத்து குண்டு சுட்டால் அட்டையில் ஒரு கொத்து கிடைக்கும். அந்தக் கொத்துக்கு ஒரு நடு உண்டு. ஜீரோ பண்ண வேண்டியது அந்த நடுவை. ஒரு தனி ஓட்டை அந்த நடுவுக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா விழுந்தது என்று அந்த ஓட்டைக்கே தெரியாது.

ஆனால் கை சும்மா இருக்காது. முதல் குண்டு 3 சென்டிமீட்டர் வலப்பக்கம் போனால் உடனே குமிழை இடப்பக்கம் மூன்று கிளிக் திருப்பத் தோன்றும். அடுத்தது இடப்பக்கம் போகும், மறுபடி திருப்பத் தோன்றும். ஸ்கோப் சரியில்லை என்று முடிவுகட்டி விற்றவர்கள் நிறைய. அவர்கள் செய்த தவறை ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து உலகமெங்கும் வகுப்பெடுத்தவர் எட்வர்ட்ஸ் டெமிங், 1950-இல் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாடு கற்பித்த அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். மேசையில் ஒரு புள்ளி, அதற்கு நேர் மேலே புனல். கோலியைப் புனல் வழியாகப் போட்டால் புள்ளியைச் சுற்றிச் சிதறி விழும். புனலைத் தொடாமல் ஐம்பது தடவை போட்டால் ஒரு வட்டம் கிடைக்கும். இப்போது, ஒவ்வொரு தடவையும் கோலி எவ்வளவு விலகி விழுந்ததோ அவ்வளவு புனலை எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டே போடுங்கள். திருத்தத் திருத்தச் சிதறல் கூடுகிறது. மாறுபாடு சரியாக இரண்டு மடங்காகும், சிதறலின் அகலம் 41 விழுக்காடு பெருகும்.

காரணம் எளிது. ஒவ்வொரு திருத்தமும் போன குண்டின் தற்செயலை எடுத்து வருகிற குண்டின் தற்செயலோடு கூட்டிவிடுகிறது. அக்கறையோடு செய்கிற கெடுதல் என்று இதைச் சொல்லலாம். கல்லாப்பெட்டி வரவு ஒரு நாள் குறைந்தால் மறுநாளே கடை ஆளை மாற்றுகிற முதலாளியும் இதைத்தான் செய்கிறார்.

அப்படியானால் எத்தனை குண்டு? நடுவைப் பற்றிய நம் ஐயம் குண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். ஒரு துப்பாக்கி 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர் அளவுக்குச் சிதறும் என்றால், ஒரே குண்டை நம்பி ஜீரோ பண்ணும்போது நடுவில் 3 சென்டிமீட்டர் ஐயம் இருக்கும். மூன்று குண்டின் நடுவை எடுத்தால் 1.7. ஒரு சென்டிமீட்டருக்குக் கொண்டுவர ஒன்பது குண்டு வேண்டும். அரை சென்டிமீட்டர் வேண்டுமென்றால் முப்பத்தாறு. இந்த வர்க்கமூலம் கஞ்சத்தனமான வட்டிக்காரன். நான்கு மடங்கு கொடுத்தால்தான் இரண்டு மடங்கு தருவான். அதனால்தான் மூன்று சுட்டு, முக்கோணத்தின் நடுவைக் கண்டு, ஒரே ஒரு தடவை திருத்தி, மறுபடி மூன்று சுட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கணிதம் சொல்வது அதைவிடக் கூடுதல், பர்ஸ் சொல்வது அதைவிடக் குறைவு.

இனி யானைக்கு வருவோம். மயக்க ஊசித் துப்பாக்கியை 1950-களில் உருவாக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த காலின் மர்டாக். மருந்தாளராகவும் கால்நடை மருத்துவராகவும் வேலை பார்த்தவர், பிளாஸ்டிக் ஊசிக்குழலும் அவர் கைவண்ணம்தான். அடுத்த பத்தாண்டில் எட்டார்ஃபின் வந்தது. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமான மருந்து. யானையைச் சாய்க்கும் அளவையும் ஒரு சின்ன ஊசியில் அடைக்க முடிந்தது அதனால்தான். தமிழ்நாட்டில் யானை வைத்தியத்தையே தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் வனத்துறைக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாக மலேசிய வாசகர்களுக்கும் அவர் ‘டாக்டர் கே’. 2023 ஜூனில் கம்பம் பக்கத்துக் காட்டில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானைக்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். ஆனால் எந்தச் செய்தியும் காட்டாத ஒன்று, அந்த ஊசியின் பாதை எவ்வளவு வளைந்தது என்பது.

ராணுவத் துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மயக்க ஊசி அப்படிப் போனால் தொடைக்குள் நுழைந்து எலும்பை உடைத்துவிடும். அது மெதுவாகப் போகத்தான் வேண்டும். நொடிக்கு 60 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், காற்றின் தடையை விட்டுவிட்டு. முதலில் குண்டு: 100 மீட்டருக்கு ஜீரோ பண்ணிய துப்பாக்கியில் தூரத்தைத் தப்பாக மதித்து, இலக்கு உண்மையில் 110 மீட்டரில் நின்றால் குண்டு 3 மில்லிமீட்டர் தாழ்வாகப் படும். 90 மீட்டரில் நின்றால் 2 மில்லிமீட்டர் உயரமாகப் படும். பொருட்படுத்தவே வேண்டாம். இப்போது ஊசி: 30 மீட்டருக்கு ஜீரோ பண்ணியிருக்கிறோம், யானை 40 மீட்டரில் நிற்கிறது. ஊசி அரை மீட்டருக்கும் மேல், 53 சென்டிமீட்டர், தாழ்வாகப் போகும். 20 மீட்டரில் நின்றால் 26 சென்டிமீட்டர் உயரமாகப் போகும். அதே பத்து மீட்டர் பிழைதான், விளைவு நூறு மடங்குக்கும் மேல் பெருத்துவிட்டது.

யானை பெரிது, அரை மீட்டர் போனால் என்ன என்று கேட்கலாம். ஊசி சதையில் ஏற வேண்டும். பின்தொடையின் தடித்த சதைக்குக் குறிவைத்தது அரை மீட்டர் தாழ்ந்தால் முழங்கால் பக்கம் எலும்பில் மோதும், உயர்ந்தால் முதுகெலும்பு மேட்டில் தெறிக்கும். மருந்து பாதி மட்டும் ஏறிய யானை என்பது, மருந்தே ஏறாத யானையைவிட ஆபத்தானது. ஆகவே இந்தத் துப்பாக்கியில் ஸ்கோப்பைவிடத் தூரமானிதான் முக்கியக் கருவி என்பேன். செம்பனைத் தோட்டத்தில் இன்னொரு வசதி உண்டு. மரங்களை ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டிருப்பார்கள். எத்தனை மரம் தள்ளி நிற்கிறது என்று எண்ணினால் தூரம் கையில் வந்துவிடும். காட்டுக்குள் அந்த வரிசை கிடையாது. இருட்டும் இலையும் சேர்ந்து தூரத்தை விழுங்கிவிடும்.

கிட்டத்தில் சுடுவதால் இன்னொரு சிறு பிழையும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் சிலுவையும் பிம்பமும் ஒரே தளத்தில் பொருந்துவது 100 மீட்டர் தூரத்துக்கு. 30 மீட்டரில் பிம்பம் சிலுவைக்குச் சற்று தள்ளி நிற்கும். கண்ணை அசைத்தால் சிலுவையும் யானை மேல் நகரும். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடி மறு கண்ணை மூடினால் விரல் தாவுகிறதே, அதே இடமாறு தோற்றம். 40 மில்லிமீட்டர் முன்வில்லையில் அது மிஞ்சிப் போனால் ஒன்றரை சென்டிமீட்டர். தூரப் பிழைக்கு முன்னால் இது கொசு.

பெரிய தொந்தரவு வாயு. பல மயக்க ஊசித் துப்பாக்கிகளை உந்துவது சிறு உருளையில் அடைத்த கரியமிலவாயு. உருளைக்குள் அது திரவமாக இருக்கிறது, மேலே ஆவி. 20 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம் ஏறக்குறைய 57 பார், 30 டிகிரியில் 72 பார். அதாவது காலையில் காட்டோர நிழலில் ஓர் அழுத்தம், மதியம் வண்டிக்குள் இன்னோர் அழுத்தம். 31 டிகிரியைத் தாண்டினால் கரியமிலவாயு திரவம், ஆவி என்ற பிரிவையே இழந்துவிடும். காஹாங்கில் மழை இல்லாத எந்த மதியமும் அந்த எல்லையைத் தொடும். அதனால் நல்ல துப்பாக்கிகளில் உருளையின் அழுத்தத்தை நேராக நம்பாமல், ஓர் அறைக்குள் வேண்டிய அளவு மட்டும் வாயுவை விட்டு அழுத்தமானியில் பார்த்துக்கொள்கிறார்கள். தூரத்துக்குத் தக்கபடி அந்த முள்ளை வைப்பதும் ஜீரோவின் ஒரு பகுதிதான். சிலுவையை நகர்த்துவதற்குப் பதிலாக வேகத்தை நகர்த்துகிறார்கள்.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. தீபகற்பத்து ஒராங் அஸ்லி மக்கள் சும்பிட்டானில், நீண்ட மூங்கில் ஊதுகுழலில், ஈப்போ மரத்து நஞ்சு தோய்த்த அம்பை ஊதினார்கள். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த மரம் அது. மெதுவாகப் போகும் ஊசி, வேலையைச் செய்வது அதன் முனையில் உள்ள மருந்து, வேகத்தைத் தீர்மானிப்பது மூச்சின் அழுத்தம். யோசித்துப் பார்த்தால் மர்டாக்கின் துப்பாக்கியும் அதே சித்தாந்தம்தான். சும்பிட்டானில் ஸ்கோப் இல்லை. அழுத்தமானி நெஞ்சுக்குள் இருந்தது.

காற்றுக்கு வருவோம், ஏனென்றால் இதில் நம்மில் முக்கால்வாசிப் பேர் தப்பாக நினைக்கிறோம். காஹாங்கின் ஈரக்காற்று கனமானது என்று உடம்பு சொல்கிறது. வேர்வை காயாததால் வரும் உணர்வு அது. இயற்பியல் சொல்வது நேர் எதிர். நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28, நீராவியின் எடை 18. கனமானதை விலக்கிவிட்டு இலேசானது உட்கார்ந்தால் காற்று இலேசாகும். 15 டிகிரி உலர்காற்று ஒரு கனமீட்டருக்கு 1.225 கிலோ. 32 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு நான் போட்ட கணக்கில் 1.14 கிலோ. ஏழு விழுக்காடு குறைவு, அதில் பெரும்பங்கு வெப்பத்தால், சிறு பங்கு ஈரத்தால். ஆக, குளிர்நாட்டில் ஜீரோ பண்ணி அனுப்பிய துப்பாக்கி இங்கே வந்து இறங்கினால் தொலைதூரத்தில் சற்று உயரச் சுடும். தடுக்கும் காற்று குறைவு, வெடிமருந்தும் சூட்டில் வேகமாக எரியும்.

பூமியின் சுழற்சியைக் கேட்கிற வாசகர் எப்போதும் ஒருவர் இருப்பார், அவருக்காக. காஹாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகையும் கொஞ்சமும். 1,000 மீட்டர் தூரத்தை ஒன்றரை நொடியில் கடக்கும் குண்டு லண்டனில் சுழற்சியால் வலப்பக்கம் எட்டரை சென்டிமீட்டர் விலகும், இங்கே 4 மில்லிமீட்டர் மட்டும். அதற்குப் பதில் இங்கே மேல்-கீழ் விளைவு உச்சத்தில் இருக்கிறது. மெர்சிங் பக்கம், அதாவது கிழக்கே சுட்டால் 11 சென்டிமீட்டர் உயரும், குளுவாங் பக்கம் சுட்டால் அதே அளவு தாழும். 30 மீட்டரில் யானைக்குப் போகிற ஊசிக்கு இது ஒரு மில்லிமீட்டர். யானை காதை ஆட்டினாலே அதைவிட அதிகம்.

ஜொகூரின் ஈரம் ஊசியைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் தாக்குகிறது. பழைய கேமரா வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், வில்லைக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாகப் படரும் பூஞ்சை. காஸ்காயினின் சிலந்தி உதவியது, இது கெடுக்கிறது. தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்குப் போதுமான சாப்பாடு. அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சைக் கரைத்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. இரண்டாம் உலகப் போரில் நியூகினித் தீவுக் காடுகளில் ராணுவத் தொலைநோக்கிகள் சில வாரங்களில் குருடாகிப்போயின. மெல்பர்ன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் பாதரசச் சேர்மம் ஒன்றைக் குழாய்க்குள் பூசி அதை அடக்கினார்கள். இப்போது தயாரிக்கும்போதே காற்றை வெளியேற்றி உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். குளிர்சாதன வண்டியிலிருந்து இறக்கியவுடன் வெளிக்கண்ணாடியில் படியும் பனியை அந்த நைட்ரஜனால் தடுக்க முடியாது. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான். தோல் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பூஞ்சைக்கு மெத்தை போட்டுக் கொடுக்கும்.

கடைசியாக, அந்த மண் சாலை. காஹாங்கிலிருந்து பெத்தா வரை நாற்சக்கர இயக்க வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழை என்றால் கணக்கே இல்லை. பள்ளம், மரப்பாலம், மறுபடி பள்ளம். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருப்பது இரண்டு வளையமும் சில திருகாணிகளும்தான். வளையம் முடியளவு நழுவினாலும், 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு வளையங்களில் ஒன்று பத்தில் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும், அது ஒரு மில். 100 மீட்டரில் பத்து சென்டிமீட்டர். ஊசி 30 மீட்டரில் அதையும் மூன்று சென்டிமீட்டராகத் தாங்கிக்கொள்ளும். வளையம் கழன்றே போயிருந்தால் தாங்காது. தஞ்சாவூரில் லாம்டன் கற்றதை இங்கே ஒவ்வொரு பயணத்திலும் கற்க வேண்டும்.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் யானையைத் தேடிக் கிளம்புவதற்கு முன், மருந்துக்குப் பதிலாக அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய ஊசிகளை எடுத்துக்கொள்வார்கள். ஓர் அட்டைப்பெட்டியில் கரியால் ஒரு வட்டம். முப்பது மீட்டர் அளந்து, மூன்று ஊசி. முதல் ஊசி வட்டத்தின் நடுவில் போய்க் குத்தி நின்றாலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் விட்டுப் பார்ப்பார்கள். பிறகு நடந்துபோய் மூன்றையும் பிடுங்கி, முனை வளைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அழுத்தமானியின் முள் எங்கே நின்றது என்பதைக் குறித்துக்கொள்வார்கள்.